உடைந்தால் என் கை

மேஸ்திரியை முதுகுக்குப் பின்னால் எல்லாரும் ரசமட்டம் என்று சொல்வார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள் கூடக் கோபித்துக்கொண்டதில்லை. கண்ணாடி வேலையில் ரசமட்டத்துக்கு மேல் ஒரு கருவி கிடையாது. அதன் குமிழி நடுவில் நின்றால் நின்றதுதான். யார் வீட்டுச் சுவர் என்றெல்லாம் பார்க்காது. மேஸ்திரியின் முதுகும் அப்படித்தான். நாற்காலிக்குச் சாய்மானம் எதற்கு வைக்கிறார்கள் என்று அவருக்கு இந்த வயது வரை விளங்கியதில்லை.

ஊரார் அவருடைய சனத்தைக் கண்ணாடிக்காரர்கள் என்றார்கள். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வேறு. "நம்ம கை" என்பார்கள். புதிதாக ஒருவன் வேலைக்கு வந்து நின்றால் ஆளையும் பார்க்க மாட்டார்கள், ஊரையும் கேட்க மாட்டார்கள். "நம்ம கையா?" என்பது ஒன்றுதான் கேள்வி. ஆமாம் என்றால் அவனுக்குத் தேநீர் வரும். இல்லை என்றால் வாசலோடு பேச்சு முடியும். கடைத்தெருவின் பெரிய கண்ணாடிகளும் ஆஸ்பத்திரியின் ஜன்னல்களும் நீதிமன்றத்தின் கதவுகளும் அவர்கள் கைபட்டவை. மேஸ்திரி தெருவில் நடந்தால் வலப்பக்கமும் இடப்பக்கமும் சொந்தக்காரர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

அப்படிப்பட்டவருக்கு மக்கள் கூடத்தில் வைத்து அவமானம் நேர்ந்தது.

மக்கள் கூடம் என்பது அரசாங்கம் புதிதாகக் கட்டிய கட்டடம். இந்த நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாட்டுக்கே எடுத்துக் காட்டுவதற்காக எழுப்பியது. ஒவ்வொரு சனத்துக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அவர்கள் உடுப்பு, அவர்கள் பாத்திரம், அவர்கள் ஏர், அவர்கள் நகை. வெளியே ஓர் அட்டையில் அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று நாலு வரி. பெட்டி அத்தனைக்கும் கண்ணாடி போடும் வேலை மேஸ்திரிக்கு வந்திருந்தது. வராமல் வேறு யாருக்கு வரும்?

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வோர் அட்டையாக வாசித்துக்கொண்டே போனார். மலைக்காரர்கள் இருந்தார்கள். உப்பு விளைவிப்பவர்கள் இருந்தார்கள். படகிலேயே பிறந்து படகிலேயே சாகிறவர்கள் கூட இருந்தார்கள். கடைசிப் பெட்டி வரை போய்த் திரும்பியவர், கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆராய்ச்சிக்கார அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"எங்க பெட்டி எங்கம்மா?"

அந்த அம்மா நல்ல மாதிரி. சனங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். படித்ததோடு நில்லாமல் ஊர் ஊராகப் போய் அவர்களோடு இருந்து பார்த்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான கேள்வி வந்தால் அப்படித்தான் செய்வார்.

"ஐயா, நீங்க செய்யறது தொழில். இங்க வைக்கிறது ஒரு சனம்னு தனியா அடையாளம் இருக்கிறவங்களை."

"எங்களுக்கு அடையாளம் இல்லைன்னு யாரு சொன்னது?"

"உங்களுக்குன்னு தனி பாஷை இருக்கா?"

"இருக்கு. வேலை நடக்கும்போது வாயை மூடிக்கிறது."

"தனி உடுப்பு?"

"கிழிஞ்ச கையுறை."

பின்னால் நின்றிருந்த தம்பி சிரித்துவிட்டான். சின்ன மேஸ்திரி என்று பெயர். சிரிப்பு மட்டும் பெரியது. மேஸ்திரி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"கிண்டலுக்குச் சொல்லலம்மா," என்றார் மேஸ்திரி. "இங்க இருக்கிற அத்தனை சனத்தையும் ஊர் சனம் பார்க்கப் போறது எங்க கண்ணாடி வழியாத்தான். எங்களை மட்டும் யாரும் பார்க்க வேண்டாமா? எங்க வீட்டுக்கு வாங்க. வந்து பார்த்துட்டு, நாங்க சனம் இல்லைன்னு சொல்லுங்க. ஒத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவமானப்பட்டால் வேலையை நிறுத்துவது அவர்கள் வழக்கமில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வரை அவர் தண்ணீர் கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கவில்லை.

ஆராய்ச்சிக்கார அம்மா சொன்னபடி வந்தார்.

கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையின் நடுவில் கம்பளி விரித்த பெரிய வெட்டுமேசை. சுவரோரம் கண்ணாடிப் பலகைகள் லேசாகச் சாய்ந்து, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றை ஒன்று தொடாமல். மூலையில் விளிம்பு தேய்க்கும் இயந்திரம் தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டு ஓடியது. அதன் முன்னால் முழங்கை வரை நனைந்த சட்டையோடு ஒரு பெண் நின்றாள். மேஸ்திரி மூலையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் காட்டினார்.

"நாங்க இங்க வந்தவங்க," என்று ஆரம்பித்தார். "மலைக்கு அந்தப் பக்கம் இருந்து. முதுகில கண்ணாடியைக் கட்டிக்கிட்டு எங்க முப்பாட்டனார் நடந்தே வந்தார். ஒரு கீறல் விழல."

"மலையா?" என்றான் தம்பி. "அப்பா ஆத்தைக் கடந்துன்னுல்ல சொல்வாரு? படகு கவுந்து, கண்ணாடியெல்லாம் முழுகி..."

"நீ அப்போ கைக்குழந்தை."

"அப்பா சொன்னப்போ எனக்குக் கல்யாணமே ஆயிடுச்சுண்ணே."

"அப்பவும் கைக்குழந்தைதான்."

ஆராய்ச்சிக்கார அம்மா சிரித்தார். "மலையோ ஆறோ, அது எனக்கு அவ்வளவு முக்கியம் இல்லைங்க ஐயா. எல்லா சனத்துக்கும் அப்படி ரெண்டு கதை, மூணு கதை இருக்கு. வேலிக்குள்ள என்ன பயிர் இருக்குங்கறதை விட, வேலியை எந்த இடத்தில போடறீங்கங்கறதுதான் எனக்குத் தெரியணும். இவன் எங்க ஆளு, இவன் இல்லைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

மேஸ்திரிக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்றோ சொல்லியிருப்பார். வெட்டுமேசை மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பெரிய கண்ணாடியை ஒத்தையா தூக்க முடியாது. நாலு பேர், ஆறு பேர் வேணும். தூக்கும்போது உடைஞ்சா வெளியாளுங்க என்ன செய்வாங்க? நீ ஆட்டினே, நீ வழுக்கினேன்னு ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்ப்பான். எங்களுக்குள்ள அது கிடையாது. உடைஞ்ச உடனே அங்க நிக்கிற அத்தனை பேரும் 'என் கை'ன்னு சொல்லுவோம். தொட்டவனும் சொல்லுவான், தொடாதவனும் சொல்லுவான். யாரு உடைச்சதுன்னு நாங்க கேட்டதே இல்லை. எங்கப்பா கேட்டதில்லை, அவங்கப்பா கேட்டதில்லை."

"எதுக்கு அப்படி?"

"திட்டு விழுமோன்னு பயந்தா, தூக்கறவன் கண்ணு கண்ணாடி மேல இருக்காதும்மா. பக்கத்தில இருக்கிறவன் மேல இருக்கும். அப்போதான் உடையும்."

ஆராய்ச்சிக்கார அம்மா இந்த முறை மூக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "இதை வெளியாள் யாராவது கத்துக்கிட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

"வராதும்மா. எத்தனையோ பேர் வேலைக்கு வந்தாங்க. எல்லாம் கத்துக்குவான்; இதை மட்டும் கத்துக்க மாட்டான். உடைஞ்ச நிமிஷத்தில வாய் தானா 'நான் இல்லைங்க'ன்னு சொல்லிடும். இது ரத்தத்தில வர்றது. ரத்தம் இருந்தா வாயில வரும். இல்லைன்னா வராது. இதுதான் எங்க வேலி. எழுதிக்கங்க."

இயந்திரம் நின்றது. மூலையில் இருந்த பெண் தேய்த்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க யாரு?" என்றார் ஆராய்ச்சிக்கார அம்மா.

மேஸ்திரி ஜன்னல் பக்கம் பார்த்தார். தேநீர் கொண்டுவந்த அவருடைய சம்சாரம்தான் பதில் சொன்னாள். "எங்க மருமக. பையன் விரும்பிக் கட்டிக்கிட்டது. பஸ் கண்டக்டர் பொண்ணு."

அதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மேஸ்திரி மருமகளிடம் ஒரு வார்த்தை நேரடியாகப் பேசியதில்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது. அவள் தேய்த்த விளிம்பைப் போலப் பட்டறையில் வேறு யாருக்கும் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தம்பியிடம் ஒருமுறை அதைச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் நம்ம கை இல்லாதவளிடம் நம்ம கை போலப் பேசினால் பிறகு வேலி எதற்கு? அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும்போதும் சம்சாரத்தைக் கூப்பிட்டுத்தான் சொல்வார்.

"அந்த மேல் விளிம்பில இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு இருக்குன்னு அவகிட்ட சொல்லு."

"கேட்டுச்சாம்மா?" என்பாள் சம்சாரம்.

"கேட்டுச்சு அத்தை. இது இன்னும் தேய்க்காத பக்கம்னு மாமாகிட்ட சொல்லிடுங்க."

"தேய்க்காத பக்கமாம். ஏங்க, நான் என்ன இந்த வீட்டுத் தபால்காரியா?"

இன்னொன்றும் உண்டு. தேய்க்கலாம், கழுவலாம், துடைக்கலாம். ஆனால் பலகையைத் தூக்கும்போது அவள் கை படக்கூடாது. தூக்குவது நம்ம கையின் வேலை.

ஒரு வாரத்தில் ஆராய்ச்சிக்கார அம்மாவிடமிருந்து சேதி வந்தது. மேலிடத்தில் வாதாடி ஒரு பெட்டி வாங்கிவிட்டார். நுழைவாசலுக்கு நேர் எதிரே, கூடத்திலேயே பெரிய பெட்டிக்குப் பக்கத்தில். உள்ளே வைப்பதற்குப் பழைய வைர வெட்டுக்கோலும் கையுறையும் போதும். கூடவே ஒரு படம் வேண்டும். "உங்க சனத்தில யார் யார் உண்டோ அத்தனை பேரும் அதுல இருக்கணும் ஐயா. யாரு உண்டு, யாரு இல்லைங்கறதை நீங்கதான் சொல்லணும். நான் தலையிட மாட்டேன்."

மேஸ்திரி அன்று தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். முதுகு ஏற்கெனவே நேர். இப்போது அதற்கு மேலும் எதையோ நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பெரிய பெட்டிக்கு முன்பக்கக் கண்ணாடி போடுவதுதான் கூடத்தில் கடைசி வேலை. அது ஏறியதும் அதன் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முதல் நாள் சாயங்காலம், எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டே சம்சாரத்திடம் இன்னொன்றையும் சொன்னார்.

"படத்தில கண்டக்டர் மக நிக்க வேண்டாம்னு சொல்லிடு."

இந்தச் சேதியைக் கொண்டுபோகச் சம்சாரத்துக்கு மனம் வரவில்லை. ஆனால் மகன் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டான்.

"அப்போ நானும் இல்லைப்பா."

"நீ என் மகன்."

"அவ என் சம்சாரம்."

"நாடு பூரா வந்து பார்க்கப் போற படம்டா அது. ஒரு தடவை எடுத்தா எடுத்ததுதான். அதில பொய் இருக்கக் கூடாது. அவ நல்ல பொண்ணு, நான் இல்லைன்னு சொல்லல. நல்ல பொண்ணா இருக்கிறது வேற, நம்ம கையா இருக்கிறது வேற."

"நாளைக்குப் பலகை ஏத்த நான் வருவேன். அது வேலை. படத்துக்கு நிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு மகன் மேலே போனான். குரலை உயர்த்தவில்லை. தன் பிள்ளைதான் என்று மேஸ்திரிக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையே நெஞ்சில் குத்தியது. மகன் இல்லாத படத்தைப் பெட்டிக்குள் வைத்தால் அது என்ன படம்? மருமகளை நிறுத்தினால் அது என்ன வேலி?

மறுநாள் காலையில் கூடத்தில் நல்ல வெளிச்சம். பெரிய பலகை வண்டியிலிருந்து இறங்கியது. உலையில் வாட்டி எடுத்த கெட்டிக் கண்ணாடி அது. நடுவில் சுத்தியலால் தட்டினாலும் அசையாது. ஆனால் விளிம்பில், அதுவும் மூலையில், ஒரு சின்ன அடி பட்டால் போதும், பலகை முழுவதும் ஒரே நொடியில் உப்புக் கல்லாகக் கொட்டிவிடும். அதனால் மூலையைக் குழந்தையின் உச்சந்தலை போலக் காப்பார்கள்.

ரப்பர் கோப்பை வைத்த கைப்பிடிகளைப் பலகையில் அழுத்திப் பதித்து ஆறு பேர் தூக்கினார்கள். மகனும் தம்பியும் முன்பக்கம். தம்பி மக்கள் நாலு பேர் பின்னால். மேஸ்திரி ரசமட்டத்தோடு பெட்டியருகே நின்றார். மருமகளுக்குக் கொடுத்த வேலை வழி பார்ப்பது. தரையில் கிடக்கும் ஒயரையும் அட்டையையும் ஒதுக்கிக்கொண்டு, பலகைக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தாள். வெள்ளைச் சட்டை போடவில்லை; வழக்கமான பட்டறைச் சட்டைதான். படம் எடுப்பவர் வந்து முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்கார அம்மாவும், கட்டட வேலைக்குப் பொறுப்பான என்ஜினியரும் பக்கத்தில் நின்றார்கள்.

என்ஜினியரிடம் மேஸ்திரி முந்தின வாரம்தான் மார் தட்டியிருந்தார். "எங்க குடும்பத்துக் கை பட்டு, நாலு பேர் பார்க்கிற இடத்தில ஒரு கண்ணாடி உடைஞ்சதா சரித்திரம் கிடையாது சார்."

பலகை பெட்டியின் வாய்க்கு வந்தது. கீழ் விளிம்பு ரப்பர் பட்டையில் உட்கார்ந்தது. மேஸ்திரி குமிழியைப் பார்த்தார். நடுவில் நின்றது.

அப்போது கூடத்தின் எலெக்ட்ரீசியன் பக்கத்துப் பெட்டியின் மேல் விளக்கைப் பொருத்திவிட்டு அலுமினிய ஏணியை மடக்கினான். மடக்கியது சரியாக மாட்டவில்லை. ஏணியின் ஒரு கால் விரிந்து பலகையின் மேல் மூலையை லேசாக, கதவைத் தட்டுகிற அளவுக்குத்தான், தட்டியது.

ஒரு சத்தம். அவ்வளவுதான். நின்ற இடத்தில் பலகை இல்லை. தரை முழுக்கக் கண்ணாடிக் கற்கள் உருண்டு ஓடின. ஆறு பேர் கையிலும் வெறும் ரப்பர் கோப்பைகள் இருந்தன. யாருக்கும் காயமில்லை.

ஏணி எங்கே பட்டது என்று ரெண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் மேஸ்திரி. இன்னொருத்தி, பலகையை நோக்கி நின்றிருந்த மருமகள். எலெக்ட்ரீசியன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றான்.

"யாரு?" என்று கத்திக்கொண்டு என்ஜினியர் ஓடி வந்தார். "யாரு விட்டது? யாரு கை அது?"

"என் கை," என்றான் மகன்.

"என் கை சார்," என்றான் தம்பி.

"என் கை." "என் கை." பின்னால் நின்ற பையன்களும் வரிசையாகச் சொன்னார்கள்.

"என்ன விளையாட்டா? ஆறு பேரும் சேர்ந்தா உடைச்சீங்க?"

"ஆறு இல்ல சார்," என்றார் மேஸ்திரி. "ஏழு. என் கை."

சரித்திரம் கிடையாது என்று சொன்ன வாய் இது. பெட்டி கிடைத்த நாளில், அதுவும் ஆராய்ச்சிக்கார அம்மாவின் கண் முன்னால், படம் எடுக்கிறவன் முன்னால், குடும்பத்தின் பெயர் தரையில் கொட்டிக் கிடந்தது. தப்பு தங்களுடையதும் இல்லை. ஆனால் வாயைத் திறந்து அந்த எலெக்ட்ரீசியனைக் காட்ட முடியாது. யார் உடைத்தது என்று பேசாத சனம் இது. அதை வெளியாளுக்கு ஒரு மாதிரி, நம்ம ஆளுக்கு ஒரு மாதிரி என்று அவருடைய அப்பா பிரித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

என்ஜினியர் சுற்றிலும் பார்த்தார். அவர் கண் மருமகள் மேல் நின்றது.

"நீ தூக்கலையேம்மா. எதிர்ல தானே நின்னே? உனக்குத் தெரிஞ்சிருக்கும். என்ன நடந்துச்சு? சொல்லு."

மேஸ்திரி மருமகளைப் பார்த்தார். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. அவள் சொல்லலாம். அவளுக்கு அந்தக் கட்டு இல்லை. அவர்தானே இல்லை என்று வைத்திருக்கிறார்! அவள் ஒரு விரலை நீட்டினால் போதும், குடும்பத்தின் பெயர் தரையிலிருந்து எழுந்துவிடும். அவள் வெளியாள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். படத்துக்கும் வழக்கு இருக்காது. மேஸ்திரி தன்னை அறியாமல் தலையை அசைத்தார். 'சொல்லிடு' என்றுதான் அதற்குப் பொருள். அவளுக்கும் புரிந்தது.

அவள் எலெக்ட்ரீசியன் பக்கம் திரும்பவே இல்லை.

"என் கை சார்," என்றாள்.

"நீ தொடவே இல்லையே!"

"தொடலைங்க. ஆனா என் கை."

தம்பி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மேஸ்திரிக்குக் கேட்டது. மகன் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ஜினியர் ரெண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"பைத்தியக்காரக் குடும்பமா இருக்கே!"

அதற்குமேல் எலெக்ட்ரீசியனால் தாங்க முடியவில்லை. ஏணியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "சார், இவங்க யாரும் இல்ல சார். ஏணி கால் விரிஞ்சு பட்டுடுச்சு. என் கை சார்."

என்ஜினியர் அவனைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், கண்ணாடிக் குவியலைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், ஒன்பது பேர் ஒப்புக்கொண்ட பிறகு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

"இவனை ஒண்ணும் சொல்லாதீங்க சார்," என்றார் மேஸ்திரி. "என் பட்டறையில வேற பலகை வெட்டி, விளிம்பு தேய்ச்சு, உலைக்கு அனுப்பி நானே கொண்டாந்து ஏத்தறேன். கூடம் திறக்கறதுக்கு முன்னால இந்த இடத்தில கண்ணாடி நிக்கும். அது என் பொறுப்பு."

என்ஜினியர் போனதும் தம்பியால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, எலெக்ட்ரீசியனும் 'என் கை'ன்னு சொல்லிட்டான். அவனையும் படத்தில நிறுத்திடலாமா?"

"அவன் சொன்னது உண்மைடா," என்றார் மேஸ்திரி. "உண்மையைச் சொன்னவன் யோக்கியன். அவனுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடு. ஆனா நம்ம கை இல்லை. தன் கையை என் கைன்னு சொல்றதுக்கு யோக்கியனா இருந்தா போதும்."

எலெக்ட்ரீசியன், விட்டால் போதும் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தான்.

ஆராய்ச்சிக்கார அம்மா பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி கேள்விதான்.

"ஐயா, இது ரத்தத்தில வர்றது, வெளியாளுக்கு வராதுன்னு சொன்னீங்க. அட்டையில அப்படியே எழுதச் சொன்னீங்க. அதை மாத்திடட்டுமா?"

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மகன் முதன்முறையாகத் தலையைத் தூக்கினான். சொன்னதை மாற்றிக்கொள்கிற ஆள் அவரில்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ரசமட்டத்தை வளைக்க முடியாது.

மேஸ்திரி நன்றாக நிமிர்ந்து நின்றார்.

"எதுக்கு மாத்தணும்? நான் சொன்னா சொன்னதுதான். ரத்தத்தில இருந்தாத்தான் வரும். இவளுக்கு வந்துடுச்சு. அப்போ என்ன அர்த்தம்? இவ ரத்தம் எங்க ரத்தம்."

"மாமா, எங்கப்பா கண்டக்டர்," என்றாள் மருமகள்.

அது அவரைப் பார்த்து, நேராகச் சொன்னது. மேஸ்திரி நேராகவே பதில் சொன்னார்.

"இப்போ கண்டக்டர். அதுக்கு முன்னாடி? உங்க தாத்தா யாரு, அவருக்கு அப்பா யாருன்னு உனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? எனக்குத் தெரியும். நாங்க மலையைத் தாண்டி வர்றப்போ ஒரு பங்காளி பின்தங்கிட்டாரு. அவர் வழியில வந்தவங்க நீங்க."

"அண்ணே!" என்றான் தம்பி. "இந்தப் பங்காளியை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லையே."

"நீ கைக்குழந்தை."

"ஆத்தைக் கடந்து வந்திருந்தா?"

"ஆத்திலயும் ஒருத்தர் பின்தங்கினாரு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பயந்து பயந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு, பலகை கொட்டியதைப் போல ஒரே நொடியில் கொட்டியது. படத்துக்காக அதற்குள் வந்து சேர்ந்திருந்த சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பங்காளி இருந்தார்; பின்தங்கினார்; அவருக்கு ஒரு கொள்ளுப்பேத்தி இருந்தாள். இதை யாராவது அவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசட்டும், பார்க்கலாம்.

ஆராய்ச்சிக்கார அம்மா மறுத்துப் பேசவில்லை. "இந்தப் பங்காளியை அட்டையில சேர்க்கலாமா ஐயா?" என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. அப்படித்தான் எல்லா சனமும் வளர்ந்திருக்கிறது என்று அவர் படித்திருக்கக் கூடும். நேரில் பார்ப்பது அன்றுதான் என்பது போல நின்றார்.

"சேர்த்துக்கங்க," என்றார் மேஸ்திரி.

படம் எடுப்பவர் தரையைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். "ஐயா, இதையெல்லாம் கூட்டி அள்ளின பிறகு எடுத்துக்கலாங்களா? படத்தில விழும்."

மருமகள் அதற்குள் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். கண்ணாடி வீட்டில் உடைந்ததை உடனே அள்ளுவது அவள் கைக்கு அவ்வளவு பழகியிருந்தது. மேஸ்திரி கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டு அந்தக் கற்கள் முழுவதும் மின்னின. நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் குடும்பத்துக் கையிலிருந்து உடைந்த முதல் கண்ணாடி. காலையில் என்றால் இதை மறைக்க அவர் தன் சட்டையையே கழற்றி மேலே போட்டிருப்பார்.

"கிடக்கட்டும் தம்பி," என்றார் படம் எடுப்பவரிடம். "நல்லா விழட்டும். ஒரு கல்லு விடாம தெரியணும்."

பிறகு சம்சாரத்தின் பக்கம் பழக்கத்தில் தலை திரும்பியது. அவள், "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தபாலாபீஸ் மூடியாச்சு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"துடைப்பத்தை வச்சுட்டு இப்படி வாம்மா. அந்த ரப்பர் பிடியை எடுத்துக்க. உன் புருஷன்கிட்ட இருக்கு பாரு, அதை வாங்கிக்க. அடுத்து வர்ற பலகையில முன்பக்கம் நீதான் பிடிக்கப் போற."

"எனக்குத் தூக்கிப் பழக்கமில்லையே மாமா. உடைஞ்சிட்டா?"

"உடைஞ்சா என்ன?" என்றார் மேஸ்திரி. "யாரும் கேக்க மாட்டாங்க."

மகன் ரப்பர் பிடியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து வரிசையில் நின்றான். பட்டறைச் சட்டையோடு மருமகள் நடுவில் நின்றாள். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் அது ஒன்றுதான் அழுக்கு. அதை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. படம் எடுப்பவர், "பெரியவரே, கொஞ்சம் தளர்வா நில்லுங்க," என்றார்.

மேஸ்திரி நிற்கவில்லை. அதாவது, தளர்வாக நிற்கவில்லை.